குமுதவல்லி டாக்கீஸின் பக்கக் கதவு

சவுரிராயன் சாவதற்கு முந்தைய வாரம் முழுவதும் மகளை அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, ஊசி ஏற்றி ஏற்றி நீலம் பாரித்த கையால் இருதயசெல்வியின் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பார்.

"பாப்பா, ஜல்தி வா. இன்டர்வெல் முடியப்போவுது. அவ வந்துருவா."

"யாருப்பா வந்துருவா?"

வார்டின் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். கதவு திறக்கும்போதெல்லாம், வருவது நர்ஸாகவே இருந்தாலும், போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொள்வார். "சைடு கதவு வழியா போயிரலாம்" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் கேட்கும். எழுபத்தைந்து வயது மனிதர் பயந்த பிள்ளையைப் போலச் சுருண்டு கிடப்பார்.

ஜூலையில் இறந்துபோனார். விழுப்புரத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: தாயில்லாத பிள்ளையைத் தனியாளாக வளர்த்த மனிதன். அது உண்மைதான். அரக்கோணத்தில் ரயில்வே காண்ட்ராக்ட் வேலையில் இருந்தபோது, விடியற்காலையில் சோறு பொங்கி வைத்து, மகளுக்குத் தலை பின்னிவிட்டு, ரிப்பனை இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போவார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. மகளுக்கு ஏழு வயதான பிறகு குடிக்கவும் இல்லை.

இருதயசெல்விக்கு இப்போது நாற்பத்தாறு வயது. விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. காலையில் வீடு வீடாக ஸ்கூட்டியில் போய் சர்க்கரை நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து வருவாள். எந்தக் கையிலும் நரம்பைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று பெயர்.

தன் தாயைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கதை. அப்பா சொன்னது. அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது தாய் பொன்னி அவளை மேட்னி ஷோவுக்கு அழைத்துப் போனாள். இடைவேளையில் தின்பதற்கு வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனவள் திரும்பவில்லை. எவனோ ஒருவனோடு போய்விட்டாள். சேதி கேட்டு அப்பா ஓடிவந்து, இருட்டில் தனியாக அழுதுகொண்டிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். எந்த ஊர், எந்தத் தியேட்டர் என்று கேட்டால், "இந்தப் பக்கம்தான், வுடு" என்பார். அதற்கு மேல் கேட்டால் இரண்டு நாள் சாப்பிட மாட்டார். அதனால் அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

அவளுக்கென்று ஞாபகத்தில் இருந்தவை நான்கு. பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலி. இடதுபுறம் பச்சை பெயிண்ட் அடித்த உருண்டைத் தூண். திரைக்கு இரண்டு பக்கமும் விளக்கேந்தி நின்ற சுதைப் பெண்கள், அதில் ஒருத்திக்கு முழங்கைக்குக் கீழே உடைந்து துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ வந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுபடும் வாசனை. அந்தக் காலி நாற்காலி கனவில் வராத மாதம் கிடையாது. கனவில் அதன் பலகை மெதுவாகக் கீழே இறங்கும், யாரோ உட்காருவது போல. திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். கல்யாணமான புதிதில் கணவன் இன்னாசிராஜ் ஒரு படத்துக்கு அழைத்துப் போனான். விளக்கு அணைந்ததுமே வியர்த்து ஊற்றி, அவன் கையை உதறிவிட்டு வெளியே ஓடி வந்தவள் அதற்குப் பிறகு எந்தத் தியேட்டருக்குள்ளும் நுழையவில்லை.

அப்பாவை அடக்கம் செய்து பத்து நாள் போயிருக்கும். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் சட்டென்று கேட்டாள்:

"வுட்டுட்டுப் போனவங்க வந்துருவாங்கன்னு எதுக்கு பயப்படணும்?"

இன்னாசிராஜுக்குப் புரியவில்லை. லாரி ஷெட்டில் மெக்கானிக் அவன். மெதுவாகப் பேசுகிற மனிதன்.

"அப்பாதான். அவ வந்துருவா, ஜல்தி வான்னு சொல்லிக்கினே இருந்தாரே. ஓடிப்போனவ எப்படிங்க வருவா? வராதவளுக்கு எதுக்கு சைடு கதவு வழியா போவணும்?"

"சாவப்போற நேரத்துல ஏதோ உளறியிருப்பாரு, செல்வி."

"அந்தத் தியேட்டர நான் பாக்கணும்."

"எந்த ஊரு தியேட்டருன்னே தெரியாது. கண்டுபிடிச்சி இன்னா பண்ணப்போற? செவுத்துகிட்ட கேப்பியா?"

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேராகத் தேடக் கிளம்பினாள்.

விழுப்புரத்தில் மூடிப்போன தியேட்டர்கள் மூன்றை விசாரித்துத் தெரிந்துகொண்டாள். முதலாவது கல்யாண மண்டபமாகியிருந்தது. மேனேஜர் அவள் தேதி கேட்க வந்திருப்பதாக நினைத்து ஏ.சி. ஹாலைத் திறந்து காட்டினார். திரை இருந்த இடத்தில் மணமேடை. எந்தத் தூணும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்றார். இரண்டாவது பைக் ஷோரூம். முகப்பு மட்டும் பழையது. சுரண்டி எடுத்த எழுத்துகளின் வடிவம் புது பெயிண்டுக்கு அடியிலும் தெரிந்தது. உள்ளே தூண்கள் சதுரமாக இருந்ததாகவும் இடிக்கும்போது தானே பார்த்ததாகவும் வாட்ச்மேன் சொன்னான்.

மூன்றாவது இடத்தில் கட்டடமே இல்லை. சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. நடுவில் டிக்கெட் கொடுக்கும் அறை மட்டும், கூரை இல்லாமல், கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்தோடு நின்றது. பொந்துக்கு மேலே 'பெண்கள்' என்ற எழுத்து பாதி தெரிந்தது. இருதயசெல்வி என்ன நினைத்தாளோ, முள்ளை விலக்கிக்கொண்டு போய் அந்தப் பொந்துக்குள் கையை விட்டாள். உள்ளே சில்லென்று இருந்தது. வெளியே நல்ல வெயில். யாரோ தன் உள்ளங்கையைத் தொடப்போகிறார்கள் என்று தோன்றிய கணத்தில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மணிக்கட்டில் சிமெண்டு சிராய்த்து ரத்தம் வந்தது.

ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு பெண்பிள்ளை நின்று பார்த்தாள். "இன்னாம்மா தேடுற?"

"இங்க பக்கத்துல எண்ணெய் மில்லு எதுனா இருந்துச்சாங்க? மல்லாட்டை வாசனை வர்ற மாதிரி?"

"இங்க ஏது மில்லு? மல்லாட்டைன்னா திண்டிவனத்துல போய்ப் பாரு. அங்கதான் மார்க்கெட்டு, மில்லு எல்லாம்."

அடுத்த சனிக்கிழமை திண்டிவனம் பஸ் ஏறினாள். அன்றைக்குப் பார்த்த இரண்டு இடங்களும் வீண். அதற்கடுத்த சனிக்கிழமை மறுபடி போனாள். பூட்டிக் கிடந்த பழைய எண்ணெய் மில் ஒன்றின் எதிரே டீக்கடையில் விசாரித்தபோது, டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, "குமுதவல்லி டாக்கீஸா? பின்னாடி சந்துல போங்க. இப்ப அது பந்தல் சாமான் குடோனு" என்றார்.

குடோனின் சொந்தக்காரர் சக்கரபாணி வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பந்தல், நாற்காலி, அண்டா வாடகைக்கு விடுகிறவர். ஐம்பது வயதிருக்கும். சின்ன வயதில் இங்கே படம் பார்த்ததாகவும் ஒரு முறை உள்ளே பார்த்துவிட்டுப் போவதாகவும் அவள் சொன்னபோது, அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாட்ச்சைப் பார்த்தார். மணி மூன்றரை.

"பாருங்கம்மா. லைட்டு கிடையாது, கூரை ஓட்டையில வெளிச்சம் வரும். பாத்து நடங்க. ஆளுங்க யாரும் இந்நேரத்துல உள்ள இருக்க மாட்டானுங்க."

"ஏங்க?"

"டீ குடிக்கப் போயிருப்பானுங்க" என்றார் அவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

உள்ளே போனதும் முதலில் தெரிந்தது நாற்காலிகள். சிவப்பும் வெள்ளையுமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, ஆளுயரத்துக்கு மேல் தூண் தூணாக அடுக்கியிருந்தன. அவற்றுக்கு இடையில் ஒரு ஆள் போகிற வழி. ஈரத்துணியும் பழைய சாம்பாரும் கலந்த நாற்றம். அவள் நடந்தாள். தரை சரிவாக இறங்கியது. கண்ணுக்கு எதுவும் பிடிபடுவதற்கு முன்னாலேயே அந்தச் சரிவு காலுக்குத் தெரிந்திருந்தது.

தூண் இருந்தது. சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். நகத்தால் சுரண்டினாள், அடியில் பச்சை. எதிர்ச் சுவரில் திரை இருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் அந்தப் பெண்கள் ஒட்டடை படிந்து நின்றார்கள். இடது பக்கத்தவளின் முழங்கையில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

தூணை ஒட்டி மட்டும் நாற்காலி அடுக்கு நின்றுபோயிருந்தது. அங்கே இரண்டு இருக்கைகள். மடிக்கிற பலகையும் இரும்புக் காலுமாக, தரையில் போல்ட் போட்டு இறுக்கிய பழைய தியேட்டர் நாற்காலிகள். மற்ற வரிசைகளை எல்லாம் பெயர்த்து எடுத்தவர்கள் அந்த இரண்டை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். ஒன்றின் பலகை உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் தேய்ந்து பளபளத்தது. மற்றொன்றில் வார்னிஷ்கூடப் போகவில்லை.

அப்போதுதான் பெருக்கும் சத்தம் கேட்டது.

சிமெண்டுத் தரையில் விளக்குமாறு இழுபடும் சத்தம். நீளமாக ஒரு இழுப்பு, கொஞ்சம் நிறுத்தம், பிறகு குட்டையாக ஒரு இழுப்பு. இருக்கைக்கு அடியில் குனிந்து பெருக்குகிறவர்கள் அப்படித்தான் பெருக்குவார்கள். பின் வரிசைப் பக்கமிருந்து வந்தது.

"யாருங்க?"

சத்தம் நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி ஆரம்பித்தது, ஒரு வரிசை முன்னால். இருதயசெல்வி நாற்காலி அடுக்குகளைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். யாரும் இல்லை. தரையில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. அதில் எந்தக் கீற்றும் இல்லை.

அவள் ஓடவில்லை. அது அவளுக்கே பிறகு ஆச்சரியமாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வெளியே வந்து, "உள்ள யாரோ பெருக்கிக்கினு இருக்காங்களே?" என்றாள்.

சக்கரபாணி எழுந்து நின்றுவிட்டார். "உங்களுக்கும் கேட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்பது போல முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆளுங்களும் அதத்தான் சொல்றானுங்க. மேட்னி இன்டர்வெல் விடுற நேரத்துக்குக் கேக்குமாம். பேஜாரா கீதுன்னு ரெண்டு பேரு வேலைய வுட்டே போய்ட்டான். நான் நம்புறதில்ல, ஆனா அந்நேரத்துல நானும் உள்ள போறதில்ல."

"அந்த ரெண்டு சீட்ட மட்டும் ஏன் வுட்டு வெச்சிருக்கீங்க?"

"இங்க வேல செஞ்ச ஒரு அம்மா எடுக்க வுடல. அவங்க செத்த பிறவும் எடுக்க மனசு வரல. பொன்னின்னு பேரு."

"பொன்னியா?" என்றாள் இருதயசெல்வி. தண்ணீர்க் குழாயடியில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, பேச்சுச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஒல்லியாக, நரைத்த தலையை அள்ளி முடிந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெயர் ரோஜா. தேய்த்த கை அப்படியே நிற்க, இருதயசெல்வியின் முகத்தையே பார்த்தாள். நெற்றியை, மூக்கை, காது மடலை. பிறகு எழுந்து, சாம்பல் கையோடு கிட்டத்தில் வந்தாள்.

"உன் பேரு செல்விதான?"

அந்தச் சந்தில், கழுவிக் கவிழ்த்த அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து ரோஜா சொன்னாள். கோர்வையாகச் சொல்லவில்லை, நடுநடுவே எழுந்து குழாயை மூடினாள், திறந்தாள்.

பொன்னி எங்கும் ஓடிப்போகவில்லை. புருஷன் குடித்துவிட்டு அடித்த அடி தாங்காமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் வந்து மல்லாட்டை உடைக்கும் மில்லில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மகளை மேட்னி ஷோவுக்கு அழைத்து வந்தாள். இடைவேளையில் மகளுக்கு முறுக்கு வாங்க வெளியே போனாள். கூட்டத்தில் நின்று வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் இருக்கை காலி. படம் ஓட ஓட வரிசை வரிசையாகக் குனிந்து தேடினாள். ஆட்கள் திட்டினார்கள். படம் விட்டதும் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"யாரோ பாத்தவங்க சொன்னாங்க, அப்பன்தான் தூக்கினு போனான்னு. அப்பன்தான தூக்கினு போனான், வேற ஆளா? சமாதானமாயி அவனே கொண்டாந்து வுடுவான்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. அப்புறம் பம்பாய்க்குப் போய்ட்டான்னு சேதி வந்துச்சி."

"நாங்க அரக்கோணத்துலதான் இருந்தோம்" என்றாள் இருதயசெல்வி. ரயிலில் ஏறினால் ஒரு பகல் பயணம்கூட இல்லை.

பிள்ளை காணாமல் போன மறுநாளே மேட்னிக்குப் பொன்னி வந்தாள். இரண்டு டிக்கெட் வாங்கி, அதே இடத்தில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையைக் காலியாக வைத்துக்கொண்டாள். அதற்கு மறுநாளும் வந்தாள். அந்த இருக்கையில் யாராவது உட்கார்ந்தால் சண்டை. ஒரு மாதம் பார்த்துவிட்டு மேனேஜர், டிக்கெட் வேண்டாம், ஷோ முடிந்ததும் ஹாலைப் பெருக்கிக் கொடு என்றார். அப்படித்தான் அவள் அங்கே வேலைக்காரியானாள். மண்டகப்பட்டிலிருந்து அண்ணன் வந்து கூப்பிட்டபோதும் போகவில்லை. "புள்ளைக்கு ஊரு தெரியாது, வீடு தெரியாது. இந்த எடம் மட்டும்தான் தெரியும். வந்தா இங்கதான வரும்" என்பாளாம். தியேட்டர் மூடியது. சக்கரபாணியின் அப்பா வாங்கினார். பொன்னியும் கட்டடத்தோடு இருந்தாள். நாற்காலி கழுவினாள், அண்டா தேய்த்தாள். ஓய்ந்த நேரத்தில் அந்த இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்வாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாள். ரோஜாதான் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். ரோஜாதான் சுடுகாட்டுக்கு ஆள் கூட்டினாள்.

எட்டு வருஷம். அப்போது இருதயசெல்வி விழுப்புரத்தில்தான் இருந்தாள். திண்டிவனத்து வழியாக எத்தனை முறை சென்னை பஸ்ஸில் போயிருப்பாள்.

"நீங்க இல்லன்னா அவங்களுக்கு யாருமே இருந்திருக்க மாட்டாங்கக்கா" என்றாள். ரோஜாவின் கையைப் பிடித்தாள். ரோஜா கையை உருவிக்கொண்டாள்.

"எழுந்து வா" என்றாள்.

கட்டடத்தின் பக்கவாட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு மரக் கதவு, வெளியில் வேலிக்கொடி படர்ந்து மூடியிருந்தது. ரோஜா கொடியை விலக்கினாள்.

"எனக்கு அப்ப பதினஞ்சி வயசு. இங்க முறுக்குத் தட்டு தூக்கினு இருந்தேன். உங்கம்மாவுக்கு முறுக்கு குடுத்ததே நாந்தான். தீந்துபோச்சின்னு மறுபடி எடுக்க உள்ள வரும்போது, ஒரு ஆளு உன்ன தோள்ல போட்டுக்கினு இந்தக் கதவாண்ட நிக்கிறாரு. புள்ளைக்கு மூத்திரம் வருதும்மா, கொஞ்சம் தொறன்னாரு. நீ அழுவல. அப்பான்னு அவரு கழுத்த கட்டிக்கினு இருந்த. இந்தக் கதவ தொறக்கவே கூடாதுன்னு மேனேஜரு சொல்லியிருந்தாரு." ரோஜா கதவின் மேல் கையை வைத்தாள். "நாந்தான் தாப்பாள எடுத்து வுட்டேன்."

எங்கோ ஒரு மினி லாரி பின்வாங்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"முப்பது வருஷத்துக்கு மேல கூட இருந்திருக்க."

"மொதல்ல அடிப்பாளேன்னு பயம். அப்புறம் பழகிட்டோம். சொன்னா என்ன வுட்டுட்டுப் போயிருவாளேன்னு பயம். எனக்கும் அவள வுட்டா யாரும் கிடையாது. கடைசி நாளு காய்ச்சல்ல கெடக்கும்போது சொல்லிரலாம்னு கிட்ட போனேன். அவ உன் பேரச் சொல்லி என்ன கூப்ட்டா. நான் இன்னாம்மான்னு கேட்டேன். கைய புடிச்சிக்கினா. அப்படியே வுட்டுட்டேன்."

இருதயசெல்வி சந்தை விட்டு வெளியே வந்தாள். சக்கரபாணி கேட்டதற்காகத் தன் போன் நம்பரை மட்டும் கொடுத்தாள். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. கூட்டேரிப்பட்டில் ஏறிய ஒரு பெண் அதில் உட்கார வந்தபோது, "ஆளு வருது" என்று சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பெண் திட்டிக்கொண்டே நின்றபடி வந்தாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் சுவரில் இருந்த அப்பாவின் படத்தைச் சின்ன பல்போடு கழற்றினாள். கல்லூரியில் படிக்கும் மகள் ஆஷ்லின், "ஏம்மா தாத்தாவ எடுக்குற?" என்று கேட்டதற்கு, "துடைக்கணும்" என்று சொல்லி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். இன்னாசிராஜிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன், "உன்ன நல்லாத்தான் வளத்தாரு" என்றான்.

"அதாங்க தாங்க முடியல. மோசமா வளத்திருந்தா இந்நேரம் நிம்மதியா திட்டிட்டுப் போயிருப்பேன்."

அந்த வாரத்தில் முதல் முறையாக அவளுக்கு நரம்பு தவறியது. ஒரு பெரியவரின் கையில் மூன்று இடத்தில் குத்திவிட்டு, ஊசியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். கனவு மாறிப்போனது. இப்போது கனவில் அவள் உட்கார்ந்திருக்கவில்லை. வாசலில் நிற்கிறாள். உள்ளே தூணோரம் ஒரு பெண்ணின் முதுகு தெரிகிறது. கூப்பிட்டால் திரும்புவாள். ஆனால் இவளுக்கு அந்த முகம் தெரியாது. திரும்பும்போது அங்கே முகம் இருக்காதோ என்ற பயத்தில் கூப்பிடாமலே நிற்கிறாள்.

மூன்று மாதம் அவள் திண்டிவனம் பக்கம் போகவில்லை. அக்டோபர் கடைசியில் ரோஜாவே வந்தாள். சக்கரபாணியிடம் நம்பர் வாங்கிப் போன் செய்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து வழி கேட்டுக்கேட்டு, மடியில் ஒரு தகரப் பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். உள்ளே வரமாட்டேன் என்றாள்.

"உங்கம்மா பொருளு. என்கிட்ட இருக்கக் கூடாது. வாங்கிக்கோ, நான் போறேன்."

"உள்ள வா" என்றாள் இருதயசெல்வி. குரலில் அன்பு இல்லை. ஆனால் பெட்டியை அவள் வாங்கிக்கொள்ளவில்லை என்பதால் ரோஜா உள்ளே வரவேண்டியதாயிற்று.

பெட்டியில் துணியோ நகையோ இல்லை. தியேட்டரில் பெருக்கும்போது இருக்கைக்கு அடியில் கிடைத்த சாமான்கள். கேட்டு வந்தவர்களுக்குக் கொடுத்தது போக, யாரும் தேடி வராதவை. அவற்றிலும் எல்லாவற்றையும் பொன்னி வைத்துக்கொள்ளவில்லை. அந்தந்த வருஷம் மகளுக்கு என்ன வயதிருக்குமோ, அந்த வயதுக்கு ஆகிற பொருளை மட்டும் எடுத்து வைத்திருந்தாள். சின்ன வயதுக்கானவை அடியில் இருந்தன. ரோஜா அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள். பட்டாம்பூச்சி ஹேர்பின், ஒன்றே ஒன்று. ஊதா ரிப்பன். மூடி இல்லாத இங்க் பேனா. பிளாஸ்டிக் வளையல் இரண்டு. தாவணியில் குத்துகிற பின். ஒற்றைக் காது ஜிமிக்கி.

"ரிப்பன் கெடச்ச அன்னிக்கி, இப்ப அவளுக்கு ரெட்டைச் சடை போடுற வயசு, யாரு போட்டு வுடுவாங்களோன்னு அழுதா" என்றாள் ரோஜா.

இருதயசெல்வி ரிப்பனைக் கையில் எடுக்கவில்லை. அதைப் பார்த்தபடியே இருந்தாள்.

கடைசியில் ஒற்றை மெட்டி. அதற்குப் பிறகு ஒரு கிலுகிலுப்பை.

"இதுக்கப்புறம் எதுவும் எடுத்து வெக்கல. இனிமே அவளுக்கு வேண்டியத அவ புள்ளைங்க பாத்துக்கும்னு சொல்லிட்டா."

ஆஷ்லின் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வந்து உட்கார்ந்து அந்தக் கிலுகிலுப்பையை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே இருந்த மணிகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டாவது முறை வேகமாக ஆட்டியதும் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் இருதயசெல்வி உடைந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயைப் புடவையில் அமுக்கிக்கொண்டு அழுதாள். ரோஜா எழுந்து போகப் பார்த்தாள். அழுகைக்கு நடுவிலேயே இருதயசெல்வி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் மேல இருக்குற கோவம் போவாது" என்றாள். "போவும்னு பொய் சொல்ல மாட்டேன்."

"தெரியும்."

"சாப்ட்டுட்டுப் போ."

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். ரோஜா அன்றைக்கும் வந்திருந்தாள். மதியமே கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டது. வெள்ளையடித்த கல்லறைகள்மேல் சாமந்தி, மெழுகுவர்த்தி, ஊதுவத்திப் புகை. சவுரிராயனின் கல்லறை இன்னும் மண்மேடுதான். இன்னாசிராஜ் புல்லைப் பிடுங்கினான். ஆஷ்லின் மெழுகுவர்த்தி ஏற்றினாள். இருதயசெல்வி பூவை மட்டும் வைத்தாள். அவர் போர்வையை இழுத்துக்கொண்ட விதம் ஞாபகம் வந்தது. பாவமாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது. மண்மேட்டில் சரிந்திருந்த மரச் சிலுவையை நேராக நிமிர்த்தி வைத்துவிட்டு நகர்ந்தாள்.

தோட்டத்தின் நடுவில் பெரிய சிலுவை. வேறு ஊரில் புதைத்தவர்களுக்கும், காணாமல் போனவர்களுக்கும், கல்லறையே இல்லாதவர்களுக்கும் அதன் அடியில்தான் மெழுகுவர்த்தி வைப்பார்கள். பொன்னி இந்துக் கோயிலுக்குப் போகிறவள், சிலுவை போட்டவள் இல்லை. ஆனாலும் வைக்க வேறு இடம் இல்லை. இருதயசெல்வி ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, உருகிய மெழுகில் நிறுத்தினாள். இன்னொன்றை ரோஜாவிடம் கொடுத்தாள். ரோஜாவுக்கு எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லை, இரண்டு முறை சாய்ந்தது. இருதயசெல்வி அவள் கையோடு சேர்த்துப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

பக்கத்தில் தன் கணவனுக்காக ஏற்றிக்கொண்டிருந்த அடுத்த தெரு கலையரசி திரும்பிப் பார்த்தாள்.

"இவங்க யாரு செல்வி, உங்க சொந்தமா?"

ரோஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்கம்மா கூட இருந்தவங்க" என்றாள் இருதயசெல்வி.